உதவவும் வேண்டும், மாட்டிக்கொள்ளவும் கூடாது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூரில் நம்மிடம் உதவி கேட்டு வருபவர்களில் முகம் தெரியாதவர்கள் குறைவு. சித்தப்பா மகன், அப்பா தோட்டத்தில் இருந்த காலத்தில் பக்கத்து லயத்தில் குடியிருந்தவர்களின் பேரன், தைப்பூசத்தில் கூட நின்று தண்ணீர்ப் பந்தல் போட்டவர், இப்படித்தான் வருவார்கள். அதனால் மறுப்பது கஷ்டம், சில சமயம் மறுக்காமல் விட்டால் அதைவிடப் பெரிய கஷ்டம். செந்தூல், பிரிக்பீல்ட்ஸ், பூச்சோங் பக்கம் நண்பர்களும் உறவுகளும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. என் பதில்களுக்கு அடியில் ஓடுவது ஒரே எண்ணம்தான்: பணம், நேரம், சோறு, உழைப்பு இவற்றை முடிந்த மட்டும் தாராளமாகக் கொடுங்கள், உங்கள் பெயரை மட்டும் கொடுக்காதீர்கள். பெயர் என்று நான் சொல்வது கையெழுத்து, ஐசி (அடையாள அட்டை), வங்கி அட்டை, சிம் கார்டு, வண்டிப் பதிவு எல்லாவற்றையும் சேர்த்து. கொடுத்த பணம் திரும்பவில்லை என்றால் நஷ்டம் அத்தோடு நின்றுவிடும். கொடுத்த பெயர் உங்களுக்குத் தெரியாமலே எங்கேயோ கடன் வாங்கிக்கொண்டிருக்கும்.

இவ்வளவு கணக்குப் பார்த்துச் செய்வது உதவியா? மனசு வந்தால் கொடுத்துவிட வேண்டியதுதானே?

கணக்குப் பார்க்காமல் கொடுப்பவர் பெரும்பாலும் தன் பணத்தை மட்டும் கொடுப்பதில்லை, மனைவியின் நிம்மதியையும் பிள்ளையின் டியூஷன் காசையும் அவர்களைக் கேட்காமலே சேர்த்துக் கொடுக்கிறார். அப்புறம் ஒரு நாள் மனசு கசந்து, இனி யாருக்கும் எதுவும் இல்லை என்று கதவைச் சாத்திவிடுகிறார். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று நம் பெரியவர்கள் சொன்னது, நாளைக்கும் போடுவதற்குக் கையில் ஏதாவது இருக்க வேண்டும் என்பதற்காகத்தான்.

மச்சான் கார் வாங்குகிறான். வங்கியில் கேரண்டர் (ஜாமீன் நிற்பவர்) கேட்கிறார்கள். "சும்மா ஒரு கையெழுத்துதான்" என்கிறான். போடலாமா?

போடாதீர்கள். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் நான் யோசிக்காமல் பதில் சொல்வேன், ஏனென்றால் நம் சமூகத்தில் அண்ணன் தம்பிகள் கோர்ட்டில் எதிரெதிரே நிற்பதற்கு இந்தக் கையெழுத்தே பல இடங்களில் காரணம்.

முதலில் வங்கி ஏன் கேரண்டர் கேட்கிறது என்று பாருங்கள். அவனுடைய சம்பளச் சீட்டு, பழைய கடன், கட்டாமல் விட்ட தவணை எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, இவரை மட்டும் நம்பிக் கொடுக்க முடியாது என்று முடிவு செய்த பிறகுதான் கேட்கிறது. இத்தனை விவரமும் கையில் இருக்கும் வங்கியே நம்பாத ஒன்றை, ஒரு விவரமும் இல்லாத நீங்கள் நம்ப வேண்டியிருக்கிறது. கேரண்டர் சாட்சி அல்ல. அவன் கட்டாவிட்டால் மீதிக் கடனும் வட்டியும் உங்கள் கடன்.

இப்போது ஒரு பாதி உண்மை பரவலாகச் சுற்றுகிறது: "சட்டம் மாறிவிட்டது, கேரண்டருக்கு ஒன்றும் ஆகாது." மாறியது உண்மை. 1967-ஆம் ஆண்டு திவால் சட்டத்தை 2017-இல் திருத்தியபோது, லாபம் எதுவும் எதிர்பார்க்காமல் படிப்புக் கடன், சொந்த உபயோகத்துக்கான வண்டி, குடியிருக்கும் வீடு இவற்றுக்கு ஜாமீன் போட்டவர்மீது திவால் வழக்குத் தொடுக்கக் கூடாது என்று ஆக்கினார்கள். ஆனால் தடுக்கப்பட்டது திவால் வழக்கு மட்டும்தான். வங்கி உங்கள்மீது சாதாரணமாக வழக்குப் போட்டு, தீர்ப்பு வாங்கி, உங்கள் சொத்தையும் கணக்கில் இருக்கும் பணத்தையும் தேடி வரும் வழி அப்படியேதான் இருக்கிறது. லாரி வாங்க, சாப்பாட்டுக் கடை வைக்க என்று தொழிலுக்கு வாங்கும் கடனுக்கு நீங்கள் ஜாமீன் நின்றால் அந்தத் திருத்தம் உங்களைக் காப்பாற்றவே காப்பாற்றாது. அங்கே கடன் 100,000 வெள்ளியை (ரிங்கிட்) எட்டினால் திவால் வரைக்கும் போகலாம்.

சரி, மச்சானுக்கு என்ன செய்வது? வாடகைக் கொள்முதலில், அதாவது தவணையில் வண்டி எடுப்பதில், குறைந்தது 10 விழுக்காடு முன்பணம் கட்ட வேண்டும். அதில் உங்களால் முடிந்ததைக் கொடுங்கள், திரும்பி வர வேண்டாம் என்று சொல்லியே கொடுங்கள். ஒரு சனிக்கிழமை அவனோடு போய், புது வண்டிக்குப் பதிலாக அவன் சம்பளத்துக்கே கிடைக்கக்கூடிய பழைய ஆக்ஸியாவோ மைவியோ பார்த்து வாருங்கள், இந்த அலைச்சல் கையெழுத்தைவிடப் பெரிய உதவி. சொல்லும்போது சுற்றி வளைக்க வேண்டாம்: "மச்சான், கையெழுத்து மட்டும் கேட்காதே. யாருக்கும் போடுவதில்லை என்று நானும் உன் தங்கச்சியும் பேசி முடிவு பண்ணிவிட்டோம். டெப்பாசிட்டுக்கு ஆயிரம் வெள்ளி தருகிறேன், அதை நீ திருப்பித் தர வேண்டாம்." ஒரு மாதம் பேசாமல் இருப்பான். பல வருஷம் பேசாமல் இருப்பதற்கு அது பரவாயில்லை.

இதே பதில்தான் "உன் பெயரில் மோட்டார் எடுத்துக் கொடு, மாதாமாதம் நான் கட்டிவிடுகிறேன்" என்பதற்கும். தவணை, சம்மன், விபத்து நடந்தால் போலீஸ் விசாரணை எல்லாம் பதிவில் இருக்கும் பெயரைத் தேடித்தான் வரும்.

என் வங்கிக் கணக்கில் யாரோ பணம் போடுவார்கள், எடுத்துக் கொடுத்தால் போதும் என்கிறான் நண்பன். கஷ்டத்தில் இருக்கிறான், பாவமாக இருக்கிறது.

அந்தப் பணம் பெரும்பாலும் இன்னொருவருடைய ஓய்வூதியம். போலீஸ், வங்கி என்று போனில் மிரட்டும் மக்காவ் மோசடி, காதல் மோசடி, போலி முதலீடு எல்லாவற்றிலும் ஏமாந்தவரின் பணம் முதலில் வந்து இறங்குவது இப்படி இரவல் வாங்கிய கணக்கில்தான், அதைத்தான் மியூல் கணக்கு என்கிறார்கள். காலேஜ் பிள்ளைகள், வேலை போன பையன்கள், ஒன்றும் தெரியாத வயதான அம்மாக்கள் என்று பார்த்துத்தான் கேட்கிறார்கள். பணத்தைக் கைமாற்றிக்கொண்டு போனவன் பிடிபட மாட்டான், கணக்குக்குச் சொந்தக்காரர் பிடிபடுவார். "எனக்குத் தெரியாது" என்று சொன்னால் முன்பு தப்பிக்க வழி இருந்தது. 2024-இல் குற்றவியல் சட்டத்தைத் திருத்தி, கணக்கையோ அட்டையையோ அடுத்தவர் கையில் கொடுப்பதையே தனிக் குற்றமாக்கிவிட்டார்கள்.

ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? இன்றைக்கே வங்கிக்குப் போன் செய்து கணக்கை முடக்குங்கள், போலீஸ் நிலையத்தில் புகார் எழுதுங்கள். பணம் இழந்தவர் நீங்கள் என்றால் 997. 2022 அக்டோபரில் தொடங்கிய தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் எண் அது, பணம் இன்னொரு கணக்குக்குத் தாவுவதற்குள் கூப்பிட்டால்தான் பிடிக்க வழி உண்டு, அதனால் மறுநாள் வரை அழுதுகொண்டு உட்காராதீர்கள். யாருக்காவது பணம் அனுப்பும் முன் போலீஸின் செமாக் மியூல் பக்கத்தில் கணக்கு எண்ணையும் போன் எண்ணையும் போட்டுப் பாருங்கள். அங்கே ஒன்றும் வரவில்லை என்றால் அந்தக் கணக்கைப் பற்றி இன்னும் யாரும் புகார் கொடுக்கவில்லை என்றுதான் பொருள், நல்ல கணக்கு என்று பொருள் இல்லை.

இபிஎஃப்பில் (தொழிலாளர் சேமநிதியில்) எடுக்க வழி வந்ததிலிருந்து உறவுக்காரர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இல்லை என்று பொய் சொல்லவும் முடியவில்லை.

2024 மே 11-ஆம் தேதி முதல் 55 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் புதுச் சந்தாவில் 10 விழுக்காடு எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய மூன்றாவது கணக்கில் விழுகிறது. இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம் ஆகிவிட்டதால் "காசு இல்லை" என்ற பதில் இனிச் செல்லாது, பொய் சொல்லத் தேவையும் இல்லை. "இருக்கிறது, ஆனால் அதைத் தொடுவதில்லை" என்று சொல்லுங்கள். காரணம் சொல்ல ஆரம்பித்தால் ஒவ்வொரு காரணத்துக்கும் அவர்களிடம் பதில் இருக்கும், அதனால் காரணம் வேண்டாம். உதவிக்கென்று மாதம் ஒரு சிறு தொகையைத் தனியே எடுத்து வைத்துவிட்டால் இன்னும் எளிது: "இந்த மாதம் என்னிடம் உதவிக்கு இருப்பது 150 வெள்ளி, அது உங்களுக்குத்தான்." கேட்டவர் 3,000 கேட்டிருப்பார், பரவாயில்லை. நீங்கள் கொடுப்பது மனசார இருக்கும்.

வாட்ஸ்அப்பில் ஒரு குழந்தையின் படம் வருகிறது, அறுவை சிகிச்சைக்குப் பணம் என்று. உண்மையா பொய்யா என்று எப்படித் தெரியும்?

அரசாங்க மருத்துவமனையில் குடிமக்களுக்கு வெளிநோயாளி கட்டணம் 1 வெள்ளி, அரசு கிளினிக் கடிதத்தோடு போனால் நிபுணரைப் பார்க்கவும் மிகச் சிறிய கட்டணம்தான். எனவே "அரசு மருத்துவமனை, உடனே 40,000 வேண்டும்" என்று வந்தால் நின்று கேளுங்கள்: எந்த மருத்துவமனை, எந்த வார்டு, பணம் எதற்கு? உண்மையான பெற்றோர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை, சொல்லிச் சொல்லிப் பழகியிருப்பார்கள். உண்மையான தேவைகள் நிறைய உண்டு. உடலுக்குள் பொருத்தும் சில கருவிகளுக்குக் குடும்பமே பணம் கட்ட வேண்டியிருக்கும். பெரிய அரசு மருத்துவமனைகளில் மருத்துவ சமூகப் பணித் துறை என்று ஒன்று இருக்கிறது, வசதியில்லாத நோயாளிகளுக்கு உதவி ஏற்பாடு செய்வது அவர்கள் வேலை, அங்கே போய்ப் பார்த்தார்களா என்று கேளுங்கள், தெரியாவிட்டால் கூட்டிக்கொண்டு போங்கள். பணமாகக் கொடுப்பதென்றால் தனியார் கணக்குக்கு அனுப்பாமல் மருத்துவமனைக் கவுன்டரில் நோயாளி பெயரில் கட்டி ரசீது வாங்குங்கள்.

இன்னொன்று, யாரும் படம் போட்டுக் கேட்காத செலவு. அப்பா நாள் சம்பளக்காரர், பிள்ளையோடு வார்டில் உட்கார்ந்திருக்கும் நாளெல்லாம் வீட்டில் வருமானம் இல்லை, மூத்த பிள்ளைகளுக்கு ஸ்கூல் பஸ் காசு இல்லை. இதைக் கேட்டுச் செய்யுங்கள். அரிசி, பால் மாவு, பெட்ரோல் இவற்றில் ஏமாறுவதற்கு அதிகம் இல்லை. சரிபார்க்காமல் அந்தப் படத்தை மட்டும் நாலு குழுவுக்கு அனுப்பிவிடாதீர்கள், அது ஒரு குழந்தையின் முகம்.

தங்கை கணவர் ஆலோங்கிடம் (உரிமம் இல்லாத வட்டிக்காரனிடம்) கடன் வாங்கிவிட்டார். வீட்டில் சிவப்புச் சாயம் ஊற்றிவிட்டார்கள். நான் கட்டி முடித்துவிடட்டுமா?

நீங்கள் கட்டுவீர்கள் என்று தெரிந்த நிமிடத்தில் கடன் கூடிவிடும், ஆலோங்குக்கு வேண்டியது கட்டக்கூடிய ஒரு ஆள். 1951-ஆம் ஆண்டு வட்டிக்கடைச் சட்டப்படி உரிமம் பெற்றவர்கூட அடமானம் இல்லாத கடனுக்கு வருஷத்துக்கு 18 விழுக்காடு, அடமானம் வைத்தால் 12 விழுக்காடுதான் வாங்கலாம். வாரத்துக்கு 10 விழுக்காடு கேட்பவன் சட்டத்துக்கு வெளியே நிற்கிறான், அவனிடம் சமரசம் பேச நீங்கள் தனியாகப் போகக் கூடாது. உங்கள் போன் எண்ணைக் கொடுக்கக் கூடாது, ஐசி நகலைக் கொடுக்கவே கூடாது, ஏனென்றால் அதில் இருக்கும் முகவரிக்குத்தான் அடுத்த சாயம் வரும். போலீஸ் புகார், மிரட்டல் செய்திகளின் படம், சாயம் ஊற்றியதன் படம் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். தங்கையும் பிள்ளைகளும் கொஞ்ச நாள் வேறு இடத்தில் தங்க ஏற்பாடு செய்வதும், வீட்டுச் சாமான் வாங்கிக் கொடுப்பதும் உங்களால் முடிந்த நல்ல காரியம். வங்கிக் கடன்களும் இருந்தால் அவரை ஏகேபிகேவுக்கு அழைத்துப் போங்கள், மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006-இல் தொடங்கிய கடன் ஆலோசனை அமைப்பு, ஆலோசனைக்குக் காசு வாங்குவதில்லை. ஆலோங் கடனை அவர்கள் கையாள மாட்டார்கள், ஆனால் மற்றவற்றை ஒழுங்கு செய்தால் மூச்சு விட இடம் கிடைக்கும்.

உணவகத்தில் வேலை செய்யும் தமிழ்நாட்டுத் தம்பி ஒருவர், பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைத்திருக்கிறார், நாலு மாதச் சம்பளம் இல்லை என்று அழுகிறார். வீட்டுக்குக் கூட்டி வந்துவிடலாமா?

இந்தக் கேள்வி கேட்பவர்களை எனக்கு மிகவும் பிடிக்கும், இதில் அவசரப்பட்டால் அந்தத் தம்பிக்கும் உங்களுக்கும் சேர்த்தே கெடுதல் என்பதால்தான் நீட்டி எழுதுகிறேன். அடுத்தவர் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைப்பது 1966-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம், எனவே நியாயம் அவர் பக்கம். ஆனால் அவர் வேலையை விட்டு வெளியே வந்த அன்றைக்கே முதலாளி "ஓடிவிட்டான்" என்று புகார் கொடுத்து பெர்மிட்டை ரத்து செய்யப் பார்க்கலாம். பெர்மிட் இல்லாதவரை வீட்டில் தங்க வைத்தால் குடிநுழைவுச் சட்டம் அதை அடைக்கலம் கொடுத்த குற்றமாகப் பார்க்கிறது, ஓர் ஆளுக்கு 10,000 வெள்ளிக்குக் குறையாத அபராதமும் சிறையும் உண்டு. நல்ல மனசோடு செய்தேன் என்பது அங்கே எடுபடாது.

அதனால் வெளியே வருவதற்கு முன்பே வேலையைத் தொடங்குங்கள். பெர்மிட், சம்பளச் சீட்டு, வேலை நேரம் எழுதிய அட்டை எது கிடைத்தாலும் அவரையே போனில் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். வேலை ஒப்பந்தம் எதுவும் கையில் இல்லை என்றாலும் ஊரிலிருந்து ஏஜெண்ட் அனுப்பிய குரல் செய்தி இருக்கும், அதையும் அழிக்க வேண்டாம். சம்பள பாக்கிக்குத் தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்கலாம், வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் அந்த உரிமை உண்டு, 2025-இல் நடைமுறைக்கு வந்த 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளமும் உணவகத் தொழிலாளிக்குப் பொருந்தும். மலாயில் எழுதத் தெரியாத அவருக்கு அந்தப் புகாரை எழுதிக் கொடுப்பது உங்களால் முடியும். மோண்ட் கியாராவில் இந்தியத் தூதரகம் இருக்கிறது, புலம்பெயர்ந்த தொழிலாளர்களுக்காக 1991 முதல் இயங்கும் தெனகானித்தா அமைப்பு இருக்கிறது, எப்போது எப்படி வெளியே வருவது என்று அவர்களிடம் கேட்டுவிட்டு அடுத்த அடி வைக்கட்டும். நீங்கள் கூடப் போய் உட்காருங்கள், சாப்பாடு வாங்கிக் கொடுங்கள், ஊருக்குப் போன் பேச டாப் அப் போட்டு விடுங்கள். முதலாளியிடம் போய்ச் சண்டை மட்டும் போடாதீர்கள். நீங்கள் வீட்டுக்குப் போய்விடுவீர்கள், அந்தத் தம்பி அன்றிரவும் அந்த முதலாளி கொடுத்த அறையில்தான் படுக்க வேண்டும்.

மேல் மாடி அக்காவை அவர் கணவர் அடிக்கிறார். தலையிட்டால் என் குடும்பத்துக்கு ஆபத்து வருமோ என்று பயம்.

பயம் நியாயமானது. பயந்துகொண்டே செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன. சத்தம் கேட்கும்போது 999 என்ற அவசர எண்ணைக் கூப்பிடுங்கள், உங்கள் பெயரை அந்த ஆளிடம் யாரும் சொல்லப் போவதில்லை. தனியாகப் போய்க் கதவைத் தட்ட வேண்டாம். மறுநாள் அவர் இல்லாத நேரத்தில் அக்காவிடம் பேசுங்கள், "ஏன் இன்னும் இருக்கிறீர்கள்?" என்று கேட்காதீர்கள், "எப்போது கூப்பிட்டாலும் போனை எடுப்பேன்" என்று சொல்லுங்கள். பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், துணிமணி, கொஞ்சம் பணம் ஒரு பையில் உங்கள் வீட்டில் இருக்கட்டும்.

சமூக நல அதிகாரியே தரக்கூடிய அவசரப் பாதுகாப்பு உத்தரவு என்று ஒன்று 2017-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்தது. ஏழு நாள் செல்லும், போலீஸ் புகார் இல்லாமலே வாங்கலாம். அரசின் உதவித் தொலைபேசியான தாலியான் காசே எண் 15999. அடிபட்டிருந்தால் கோலாலம்பூர் பொது மருத்துவமனை போன்ற அரசு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவில் இதற்கென்றே தனி அறையும் ஏற்பாடும் உண்டு, காயம் ஆறுவதற்குள் போக வேண்டும். 1982 முதல் இயங்கும் டபிள்யூஏஓ என்ற பெண்கள் உதவி அமைப்பிடம் தங்குமிடம் இருக்கிறது, அதன் முகவரியை வெளியே சொல்ல மாட்டார்கள். உங்கள் வீடு அந்த ஆளுக்குத் தெரிந்த வீடு, அவர் முதலில் தேடி வரும் இடமும் அதுதான். அதனால் அக்காவை உங்களோடு தங்க வைப்பதைவிட அங்கே போய்ச் சேரும் வரை துணை நிற்பது அவருக்கும் பாதுகாப்பு.

அவர் ஒரு முறை போய்விட்டுத் திரும்பி வந்தாலும் கோபப்படாதீர்கள். திரும்பி வருவது நடக்கும். அடுத்த முறை கூப்பிடுவதற்கு அவருக்கு உங்கள் எண் இருக்க வேண்டும்.

தோழி தினமும் நள்ளிரவில் கூப்பிட்டு அழுகிறாள், சாகப் போகிறேன் என்கிறாள். நான் தூங்கியே பல நாள் ஆகிறது.

சாவைப் பற்றிப் பேசினால் நேராகக் கேளுங்கள்: இப்போது செய்துகொள்ளும் எண்ணம் இருக்கிறதா, கூட யார் இருக்கிறார்கள் என்று. கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. உடனடி ஆபத்து என்றால் 999, அவள் வீட்டில் யாரையாவது எழுப்புங்கள், ரகசியம் காப்பது அந்த நேரத்தில் முக்கியமில்லை. போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று பயந்து மறைத்த காலம் போய்விட்டது, தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பிரிவை 2023-இல் நீக்கிவிட்டார்கள்.

மற்ற இரவுகளுக்கு, நீங்கள் ஒருவரே தாங்க வேண்டியதில்லை. மனக்கஷ்டத்தில் இருப்பவர்களோடு பேசுவதற்கென்றே 1970 முதல் இங்கே இயங்கும் பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929 எண்ணில் 24 மணி நேரமும் கேட்கிறார்கள். "பத்து மணி வரைக்கும் நான் பேசுகிறேன், அதற்கு மேல் மனசு தாங்கவில்லை என்றால் இந்த எண், காலையில் முதல் போன் என்னுடையது" என்று அவளிடமே சொல்லுங்கள், சொன்னபடி காலையில் கூப்பிடுங்கள். அவளோடு கிளினிக்குக்கு ஒரு நாள் போய் வாருங்கள். அதற்குப் பகலில் உங்களுக்கு உடம்பில் தெம்பு வேண்டும்.

மஸ்ஜிட் இந்தியா பக்கம் கை நீட்டுபவர்களுக்குக் கொடுக்கலாமா?

பெரியவர்களுக்கு, ஒரு சாப்பாட்டுப் பொட்டலமோ சில்லறையோ, தயங்காமல் கொடுங்கள். குழந்தையை வைத்துக் கேட்டால் பணம் வேண்டாம், 15999-க்குத் தகவல் சொல்லுங்கள். தொடர்ந்து செய்ய விருப்பம் இருந்தால் கெச்சாரா, பெர்த்திவி போன்ற உணவு வழங்கும் குழுக்களோடு ஓர் இரவு போய்ப் பாருங்கள், யாருக்கு என்ன தேவை என்று அவர்களுக்குத் தெரியும்.

ஒரு தடவை நன்றாக ஏமாந்துவிட்டேன். இனி யாரையும் நம்பக் கூடாது என்று தோன்றுகிறது.

கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும், உங்களைக் கட்டாயப்படுத்த வேண்டாம். ஆனால் உங்களை ஏமாற்றியவர் ஒருவர், அடுத்து வரப்போகிறவர் வேறு ஒருவர். மறுபடி தொடங்கும்போது சின்னதாக, பொருளாக, முடிந்தால் இன்னொருவரோடு சேர்ந்து தொடங்குங்கள். இரண்டு பேர் சேர்ந்து போய்ப் பார்த்தால் ஒருவருக்குப் படாதது இன்னொருவர் கண்ணில் படும்.

எனக்கே உதவி தேவைப்பட்டால் எப்படிக் கேட்பது?

அடுத்தவருக்கும் தன்னைக் காத்துக்கொள்ள இடம் விட்டுக் கேளுங்கள். நேரில், அதுவும் அவர் மனைவி பிள்ளைகள் முன்னால் கேட்காமல், வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பினால் அவர் யோசிக்க நேரம் கிடைக்கும். எவ்வளவு, எதற்கு, எப்போது திருப்பித் தர முடியும், தர முடியாதென்றால் அதையும் முதலிலேயே எழுதுங்கள். "முடியாவிட்டால் பரவாயில்லை" என்று ஒரு வரி சேருங்கள், அவர் முடியாது என்று சொன்ன பிறகு தீபாவளிக்கு அவர் வீட்டுக்கு வழக்கம்போலப் போய் வாருங்கள். கையெழுத்தும் ஐசியும் மட்டும் நீங்களும் யாரிடமும் கேட்காதீர்கள்.